முடக்கு வாதம்

முடக்கு வாதம் அல்லது சரவாங்கி என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் மூட்டுக்களையே தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சி நோயாகும். இது தன்னுடல் தாக்குநோய்கள் எனப்படும் நோய்க் குழுவைச் சேர்ந்தது. கை, கால்களின் சிறு மூட்டுக்களே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. சிகிச்சை இல்லாவிடில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு மூட்டுக்கள் உருக்குலைந்து முடங்கிப் போகும். இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலானோரில் மூட்டுச் சிதைவைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும். ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதால், இந்நோயில் காலம் மிக முக்கியமானதாகும்.

பெயர்

தமிழ் மருத்துவ மரபில் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் வாதத்தின் மிகுதியால் வருவனவாகப் பல நோய்கள் வகுக்கப்பட்டன. இதனால் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நோய்களின் பெயர்களில் "வாதம்" என்ற சொல் அமைந்துள்ளது. பக்கவாதம் மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதால் அல்லது மூளையில் குருதிக்குழாய் வெடிப்பதால் வருவது. இளம்பிள்ளை வாதம் போலியோ தீநுண்மத்தால் வருவது. வாதக் காய்ச்சல் தொண்டையில் ஏற்படும் பாக்டீரியத் தொற்றின் பின்விளைவு. இவை மூன்றும் முடக்கு வாதத்தினின்று வேறானவை. கீல்வாதம் என்ற சொல் மூட்டு நோய்கள் அனைத்துக்கும் பொதுவாகவும், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோய்க்குச் சிறப்பாகவும் வழங்குகிறது. சித்த மருத்துவர்கள் முடக்கு வாதத்தை உதிரவாத சுரோணிதம் என்னும் பெயரோடு ஒப்பிடுகின்றனர்.

இந்நோயின் முதல் தெளிவான மருத்துவ விவரிப்பை 1800 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த லாந்த்ரே போவே என்பவர் அளித்தார். தற்போது வழங்கும் ஆங்கிலப் பெயரை 1859 இல் இங்கிலாந்து மருத்துவர் ஆல்பிரட் பேரிங் கேரட் சூட்டினார்.

நோய் உருவாகும் விதம்

அசையும் மூட்டு ஒன்றில் இரு எலும்புகளின் முனைகள் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. இச்சவ்வு சுரக்கும் நீர்மம் மூட்டுக்கு எண்ணெய் போல உதவுகிறது. முடக்கு வாதம் தொடங்குமிடம் இந்தச் சவ்வேயாகும்.

நலமான உடலில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நுண்ணுயிர்களைத் தாக்குகின்றன. உடலின் சொந்த இழையங்களைத் தாக்குவதில்லை. சொந்த உடலைத் தாக்காதவாறு இவ்வுயிரணுக்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காற்று டி உயிரணுக்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தகைய கட்டுப்பாடுகள் தவறும்போது தன்னுடல் தாக்குநோய்கள் தோன்றுகின்றன.

முடக்கு வாதத்தில் பெரும்பாலும் பின்வரும் நிகழ்வுகள் நடைபெறுகின்றன:

1. உடலின் சில புரதங்களில் உள்ள ஆர்கினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலின் என்பதாக மாறுகிறது. நோயெதிர்ப்பு மண்டலம் இந்த மாறிய புரதத்தை அயற்பொருளாகக் கருதி அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. மூட்டு வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை குருதியில் காணப்படலாம்.
2. வெள்ளையணுக்கள் மூட்டுச் சவ்வினுள் திரளுகின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. இவற்றுள் டி.என்.எப். ஆல்பா, இன்டர்லூகின் 6 ஆகியவை முக்கியமானவை.
3. மெல்லிய சவ்வு தடித்து வளர்ந்து, குருத்தெலும்பின் மீது படர்ந்து அதனை அரிக்கிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் தூண்டப்படுகின்றன.
4. தசைநாண்களும் இணைப்பு நார்களும் தளர்ந்து, விரல்கள் ஒருபுறமாகச் சாய்கின்றன.

காரணங்கள்

முடக்கு வாதத்துக்குத் தனியொரு காரணம் இல்லை. மரபு, சூழல் ஆகிய இரண்டும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வகைகளைக் கொண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகும். எனினும் அம்மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. சூழற்காரணிகளுள் உறுதியாக நிறுவப்பட்டது புகைபிடித்தல் ஆகும். ஈறு நோய், சிலிக்கா தூசு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. கருவுற்றிருக்கும் காலத்தில் பலருக்கு வலி குறைவதும், மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் கூடுவதும் உண்டு.

பரவல்

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேருக்கு முடக்கு வாதம் இருந்தது. அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள். இந்தியாவில், டெல்லியை அடுத்த ஊரகப் பகுதியில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வொன்று பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அதாவது ஆயிரம் பெரியவர்களில் ஏழெட்டுப் பேர்.

அறிகுறிகள்

- விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிமூட்டு ஆகியவற்றில் வீக்கம், வலி. விரல் நுனியை அடுத்த மூட்டு பொதுவாகத் தப்பிவிடும்.
- இடது, வலது ஆகிய இரு பக்கங்களிலும் ஒரே வகை மூட்டுக்கள் பாதிக்கப்படுதல்.
- காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம். இது அரைமணி நேரத்துக்கு மேல், சிலருக்குப் பல மணி நேரம் நீடிக்கும்.
- களைப்பு, இலேசான காய்ச்சல், எடை குறைதல், குருதிச்சோகை.

உழைப்பினால் வரும் வலிக்கும் முடக்கு வாதத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்குக் கவனிக்கத்தக்கது. உழைப்பு வலியும் தேய்மான வலியும் வேலை செய்யும்போது கூடி, ஓய்வெடுத்தால் குறையும். முடக்கு வாத வலியும் இறுக்கமும் ஓய்வுக்குப் பின் கூடி, கை கால்களை அசைக்க அசைக்கச் சற்றுக் குறையும்.

முடக்கு வாதம் மூட்டோடு நிற்பதில்லை. நுரையீரல் தழும்பு, கண் வறட்சி, குருதிக்குழாய் அழற்சி, முழங்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் கெட்டியான முடிச்சுக்கள், எலும்பு மெலிவு ஆகியன ஏற்படலாம். நீடித்த அழற்சியால் மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நோயறிதல்

எந்தவொரு தனிச் சோதனையும் இந்நோயை உறுதி செய்வதில்லை. பாதிக்கப்பட்ட மூட்டுக்களின் எண்ணிக்கை, குருதிச் சோதனைகள், அழற்சியின் அளவு, ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தமை ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடும் முறையை அமெரிக்க, ஐரோப்பிய வாதநோயியல் அமைப்புகள் 2010 இல் கூட்டாக வெளியிட்டன.

- ஆர்.ஏ. காரணி: 1940 இல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் இதனை முதலில் விவரித்தார். நோயாளிகளில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினரிடம் இது காணப்படும். நலமாக உள்ள சிலரிடமும், காசநோய் போன்ற பிற நோய் உள்ளவர்களிடமும் இது இருக்கக்கூடும். ஆகவே இச்சோதனை "உண்டு" என வந்தாலே நோய் என்றோ, "இல்லை" என வந்தால் நோயில்லை என்றோ கொள்ளலாகாது.
- சி.சி.பி. எதிர்ப்பு பிறபொருளெதிரி: சிட்ருலின் கொண்ட புரதத்துக்கு எதிரானது. முடக்கு வாதம் இல்லாதவர்களிடம் இது அரிதாகவே காணப்படும் என்பதால் கூடுதல் நம்பகமானது.
- ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: உடலில் உள்ள அழற்சியின் அளவைக் காட்டுவன. முடக்கு வாதத்துக்கு மட்டும் உரியன அல்ல.
- ஊடுகதிர்ப் படம், மீயொலி ஸ்கேன்: ஊடுகதிர்ப் படத்தில் அரிப்புத் தெரியும்போது சேதம் ஏற்கனவே நிகழ்ந்திருக்கும். மீயொலி ஸ்கேன் சவ்வின் வீக்கத்தை முன்னரே காட்ட வல்லது.

ஒத்த நோய்களும் தொடர்புடைய நோய்களும்

தன்னுடல் தாக்கத்தோடு தொடர்புடையவை:

- செம்முருடு: தோல், சிறுநீரகம், குருதி, மூட்டு எனப் பல உறுப்புக்களைத் தாக்கும். கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தடிப்பு தோன்றலாம். இளம் பெண்களில் கூடுதல்.
- சோகிரன் நோய்: கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கி வறட்சியை உண்டாக்கும். முடக்கு வாதத்தோடு சேர்ந்தும் வரும்.
- காளாஞ்சகப்படை மூட்டழற்சி: தோலில் செதில் படை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வருவது. விரல் நுனி மூட்டையும் தாக்கும்.
- தண்டுவட மூட்டழற்சி: இளவயது ஆண்களில் கூடுதலாகக் காணப்படும். இடுப்பின் பின்பகுதியில் தொடங்கி முதுகெலும்பை விறைக்கச் செய்யும். எச்.எல்.ஏ.-பி27 மரபணுவோடு தொடர்புடையது.
- சிறார் மூட்டழற்சி: 16 வயதுக்கு முன் தொடங்குவது. மூட்டு நோய் முதியோருக்கு மட்டுமே வரும் என்ற எண்ணத்தால் கவனிக்கப்படாமல் போவதுண்டு.
- வாதக் காய்ச்சல்: தொண்டைத் தொற்றுக்குப் பின் சிறாருக்கு வருவது. மூட்டு வீக்கம் ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மறைந்துவிடும். ஆனால் இதய அடைப்பிதழ்களில் நிலையான சேதம் ஏற்படலாம்.

பிற காரணங்களால் வருபவை:

- மூட்டுத் தேய்மானம்: முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டுக்களில் வயதோடு வருவது. மூட்டு நோய்களுள் மிகப் பரவலானது.
- யூரிக் அமிலக் கீல்வாதம்: கால் பெருவிரலில் திடீரெனக் கடும் வலியும் சிவப்பும் தோன்றும்.
- சீழ் மூட்டழற்சி: பாக்டீரியத் தொற்றால் ஒரு மூட்டு காய்ச்சலோடு வீங்கும். இது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- சிக்குன்குன்யா மூட்டு நோய்: கீழே விவரிக்கப்பட்டுள்ளது.

சிக்குன்குன்யாவும் முடக்கு வாதமும்

கொசுவால் பரவும் சிக்குன்குன்யா 1952-53 ஆம் ஆண்டுகளில் இன்றைய தான்சானியாவில் கண்டறியப்பட்டது. வலியால் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல்லே நோயின் பெயராயிற்று. இந்தியாவில் 1963 இல் கொல்கத்தாவிலும் 1964 இல் சென்னையிலும் பரவிய இந்நோய், 1970களுக்குப் பின் பெரிதும் மறைந்திருந்து, 2005 இன் இறுதியில் மீண்டது. 2006 ஆம் ஆண்டில் தமிழகம் உட்பட இந்தியாவில் சுமார் 13.9 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவாயிற்று.

காய்ச்சல் சில நாட்களில் நீங்கினாலும் மூட்டு வலி பலருக்கு வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. இரு கைகளிலும் சமச்சீராக வீக்கம், காலை இறுக்கம் ஆகியன தோன்றுவதால் இது முடக்கு வாதத்தை அப்படியே ஒத்திருக்கும். இதனால் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. சிக்குன்குன்யாவின் எச்சமாக உள்ள வலியை முடக்கு வாதம் எனக் கொள்வது ஒன்று. உண்மையான முடக்கு வாதத்தைக் "காய்ச்சலுக்குப் பின் வந்த வலி" என்று கருதிக் காத்திருப்பது மற்றொன்று. காய்ச்சல் விட்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் வீக்கம் தொடர்ந்தால் சி.சி.பி. எதிர்ப்புச் சோதனை உள்ளிட்டவற்றைச் செய்து பார்ப்பது தெளிவு தரும்.

சிகிச்சை

கார்ட்டிசோன்

மஞ்சள் காமாலையின் போதும் கருவுற்ற காலத்திலும் முடக்கு வாத வலி குறைவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், உடலிலேயே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் வலியைத் தணிக்கிறது என ஊகித்தார். 1948 இல் கார்ட்டிசோன் என்னும் இயக்குநீர் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த இம்மருந்தை நெடுங்காலம் கூடிய அளவில் உட்கொண்டால் நீரிழிவு, எலும்பு மெலிவு, கண்புரை, தொற்று ஆகியன வரும் என்பது விரைவில் தெரிய வந்தது. இன்று ஸ்டீராய்டுகள் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும் வரை மட்டுமே தரப்படுகின்றன. நெடுநாள் உட்கொண்டவர்கள் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகும்.

மெத்தோட்ரெக்சேட்

இன்று முடக்கு வாதச் சிகிச்சையின் அடிப்படை மருந்தாக இருப்பது மெத்தோட்ரெக்சேட் ஆகும். இதன் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895 இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு போலிக் அமிலத்தைத் தொகுத்தது. பின்னர் அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கியது. சுப்பாராவ் 1948 இல் காலமானார். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கென முதலில் பயன்பட்ட இவ்வகை மருந்து முடக்கு வாதத்தையும் தணிப்பதை 1951 இல் கப்னர் என்பவர் கண்டறிந்தார். 1980களின் முறையான ஆய்வுகளுக்குப் பின், 1988 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் முடக்கு வாதத்துக்கு இதனை ஏற்றது.

இம்மருந்தைப் பற்றி அறிய வேண்டியவை:

- இது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளப்படுவது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். உட்கொள்ளும் கிழமையை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது.
- பயன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். உடனே வலி குறையவில்லை என்று நிறுத்துவது பொதுவான தவறு.
- பக்க விளைவுகளைக் குறைக்கப் போலிக் அமில மாத்திரை சேர்த்துத் தரப்படுகிறது.
- குருதி அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைக் குறித்த இடைவெளியில் சோதிக்க வேண்டும். மது தவிர்க்கப்பட வேண்டும்.
- கருவைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்களுக்குத் தரப்படுவதில்லை. குழந்தைப்பேறு விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.
- டிரைமெத்தோபிரிம் கலந்த நுண்ணுயிர்க் கொல்லியோடு சேர்த்து உட்கொள்வது ஆபத்தானது. வேறு நோய்க்கு மருத்துவரைப் பார்க்கும்போதும் இம்மருந்தைக் குறிப்பிட வேண்டும்.

சல்பாசலசின், லெப்லூனமைடு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை இவ்வகையில் பயன்படும் பிற மருந்துகளாகும். ஹைட்ராக்சிகுளோரோகுயினை நெடுங்காலம் உட்கொள்வோர் கண் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

உயிரியல் மருந்துகள்

லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் பெல்ட்மனும் டி.என்.எப். ஆல்பாவைத் தடுத்தால் அழற்சி தணியும் என்பதை லண்டனில் 1992 இல் தொடங்கிய சோதனைகள் மூலம் காட்டினர். இதனடிப்படையில் உருவான எட்டனர்செப்ட், இன்ப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்றவை மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்குத் தரப்படுகின்றன. இவை மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயமாகும். இவற்றின் விலை பெரும் தடையாக இருந்தது. அடலிமுமாபுக்கு இணையான முதல் மருந்தை இந்திய நிறுவனமான சைடஸ் காடிலா 2014 டிசம்பரில் இந்தியாவில் வெளியிட்டது. டோபாசிட்டினிப் போன்ற மாத்திரை வடிவ மருந்துகளும் 2012 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

ஊரகத் தமிழகத்தில் நோய்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ள திருமானூர், அரியலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. இத்தகைய நெல், கரும்பு சாகுபடிப் பகுதிகளில் நாற்று நடுதல், களையெடுத்தல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். இவ்வேலைகளுக்கு விரல்களும் மணிக்கட்டும் இன்றியமையாதவை. முடக்கு வாதம் முதலில் தாக்குவதும் அவற்றையே; கூடுதலாகத் தாக்குவதும் பெண்களையே. இதனால் நோய் ஒரு குடும்பத்தின் கூலி வருமானத்தையும் நேரடியாகக் குறைக்கிறது.

சிகிச்சை தாமதமாவதற்கு நோயின் தன்மையும் ஒரு காரணம். குனிந்து வேலை செய்பவருக்குக் கைவலி இயல்பானதே என எல்லோரும் எண்ணுகின்றனர். கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியைக் குறைக்கிறது, ஆனால் மூட்டு அரிப்பை நிறுத்துவதில்லை. வலி குறைந்திருக்கும் அதே மாதங்களில் எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். உட்பொருள் குறிப்பிடாமல் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதையும் இந்தியாவில் நடந்த ஆய்வுகள் கண்டுள்ளன. உட்கொண்ட இரண்டே நாளில் வலி முழுதும் மறைந்தால் இதனை ஐயுற வேண்டும்.

மூட்டு வீக்கமும் காலை இறுக்கமும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மேல்நிலை மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். திருமானூர்ப் பகுதியினருக்கு வடக்கே அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், தெற்கே கொள்ளிடப் பாலத்தைக் கடந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சென்னை மருத்துவக் கல்லூரியில் வாதநோயியல் தனித்துறையாக இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும்.

அன்றாட வாழ்க்கை

வீக்கம் கூடியிருக்கும் நாட்களில் பாதிக்கப்பட்ட மூட்டுக்கு ஓய்வு தேவை. மற்ற நாட்களில் முழு ஓய்வு தசைகளை மெலியச் செய்து முடக்கத்தை விரைவுபடுத்தும். விரல்களை நாள்தோறும் மடக்கி நீட்டுதல், நடத்தல் ஆகியன நன்மை தரும். குடத்தை விரல்களால் தூக்குவதைவிட இடுப்பிலோ முன்கையிலோ தாங்குதல், தடித்த கைப்பிடியுள்ள கருவிகளைப் பயன்படுத்துதல் போன்றவை சிறு மூட்டுக்களின் சுமையைக் குறைக்கும். புகைபிடிப்பதை நிறுத்துவது நோயின் கடுமையைக் குறைப்பதோடு மருந்தின் பயனையும் கூட்டுகிறது.

தவறான கருத்துக்கள்

- "முதுமையில் மட்டுமே வரும்": 30 முதல் 60 வயதுக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்குகிறது, சிறாருக்கும் மூட்டழற்சி வரும்.
- "தொற்றும்": முடக்கு வாதம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.
- "புளி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகாது": இவற்றைத் தவிர்ப்பதால் நோய் தணியும் என நிறுவப்படவில்லை. பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைப்பது குருதிச்சோகையைக் கூட்டும்.
- "முடக்கத்தான் கீரை போதும்": முடக்கை அறுப்பது என்ற பொருளில் பெயர் பெற்ற இக்கீரையைத் தோசையிலும் இரசத்திலும் சேர்த்து உண்பதில் தவறில்லை. மூட்டு அரிப்பை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. மருந்துக்கு மாற்றாக அதனைக் கொள்ளலாகாது.
- "வலி நின்றால் மருந்தை நிறுத்தலாம்": மருத்துவரின் ஆலோசனையின்றி மருந்தை நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. நோய் நெடுநாள் அடங்கியிருந்தால் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவர் முடிவு செய்யலாம்.